நேரடித் திருப்பலிக்கு நம்பகமான இணைய இணைப்பு: சில சிந்தனைகளும் வழிகாட்டுதல்களும்



கப்பர்நாகும் ஊரில் ஒரு வீட்டில் இயேசு போதித்துக்கொண்டிருக்கிறார். வாசல்வரை கூட்டம். முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் சுமந்து வருகின்றனர். வாசல் வழியே உள்ளே நுழைய முடியவில்லை. ஆனாலும் அவர்கள் திரும்பிப் போய்விடவில்லை. கூரையைத் திறந்து, படுக்கையோடு அவரை ஆண்டவரின் முன் இறக்குகின்றனர். மாற்கு நற்செய்தியின் 2ம் அதிகாரத்தில் நாம் பலமுறை கேட்ட நிகழ்ச்சி இது.

நம் பங்கு ஆலயங்களில் இன்று நடைபெறும் நேரடி ஒளிபரப்பும் ஏறக்குறைய இதே பணிதான். ஆலயத்திற்கு வர இயலாதவரைப் பீடத்தின் அருகே கொண்டுவரும் பணி. இப்பணிக்கு நல்ல கேமரா வாங்குகிறோம், ஒலிபெருக்கி அமைப்பைச் சீராக்குகிறோம். ஆனால் இவற்றையெல்லாம் சுமந்து செல்லும் இணைய இணைப்பைப் பற்றி மட்டும் கடைசி நாளில்தான் யோசிக்கிறோம். பங்குப் பேரவைகளுக்கும் இளையோருக்கும் உதவும் வகையில், இந்த இணைப்பை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை இங்கே சற்று விரிவாகச் சிந்திப்போம்.

யாருக்காக இந்த ஒளிபரப்பு?

ஊடகங்களைத் திருச்சபை அஞ்சி ஒதுக்கியதில்லை. 1931ம் ஆண்டு பிப்ரவரி 12ம் நாள், மார்க்கோனி அமைத்துக் கொடுத்த வத்திக்கான் வானொலியைத் திருத்தந்தை 11ம் பத்திநாதர் தொடங்கி வைத்தார். 1948ம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலி பாரிஸ் நோத்ரு தாம் பேராலயத்திலிருந்து தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. 1950களில் திருத்தந்தை 12ம் பத்திநாதர், அசிசி நகர் புனித கிளாராவைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். கிறிஸ்து பிறப்பு இரவில் நோயுற்றுப் படுத்திருந்த கிளாரா, தாம் செல்ல இயலாத ஆலயத்தில் நடந்த வழிபாட்டைத் தம் அறையிலிருந்தபடியே கண்டும் கேட்டும் மகிழ்ந்தார் என்பது அவரைப் பற்றிய மரபு. படுக்கையில் இருந்த ஒருவர்தான் இந்த ஊடகத்திற்குப் பாதுகாவலி என்பது ஆழ்ந்த பொருள் உடையது.

2002ம் ஆண்டின் உலக சமூகத் தொடர்பு நாள் செய்தியில், இணையத்தை நற்செய்தி அறிவிப்புக்கான ஒரு புதிய களமாகத் திருத்தந்தை 2ம் ஜான் பால் எடுத்துக்காட்டினார். அதே ஆண்டில் திருச்சபையையும் இணையத்தையும் பற்றி வெளியான வத்திக்கான் ஏடு, நற்கருணையில் உள்ள ஆண்டவரின் உண்மைப் பிரசன்னத்திற்குத் திரையில் தோன்றும் காட்சி ஈடாகாது என்றும் தெளிவுபடுத்தியது. எனவே நலமாய் இருப்பவர் சாய்வு நாற்காலியில் அமர்ந்து பார்ப்பதற்காக அல்ல, வர இயலாதவருக்காகவே நாம் ஒளிபரப்புகிறோம். முதியோர், நோயாளர், அவர்களை விட்டு நகர முடியாத குடும்பத்தார், விடுமுறை கிடைக்காமல் வெளிநாட்டில் உழைப்போர் ஆகியோரே நம் நேயர்கள். 2020ம் ஆண்டு மார்ச் 27ம் நாள், மழையில் நனைந்த, ஆளற்ற புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனியாக நின்று செபித்தபோது, நாம் அனைவருமே அந்த வர இயலாதவர்களின் நிலையில் இருந்தோம். அதை மறக்கலாகாது.

நாங்கள் கற்ற பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்கில் ஒரு தாயாரின் அடக்கத் திருப்பலி நடைபெற்றது. அவருடைய ஒரே மகன் வளைகுடா நாட்டில் வேலையில் இருந்தார். விடுப்புக் கிடைக்கவில்லை. ‘நேரலையில் பார்த்துக்கொள்கிறேன், எப்படியாவது காட்டுங்கள்’ என்று அழுதபடி கேட்டுக்கொண்டார். நாங்கள் ஒரு கைப்பேசியின் சிம் இணைப்பை நம்பி ஒளிபரப்பினோம். காலையில் சோதித்தபோது நன்றாகவே இருந்தது. திருப்பலிக்கு ஊரே திரண்டு வந்தது. பெட்டியை மூடும் வேளையில் படம் அப்படியே உறைந்து நின்றது. மீண்டும் இணைந்தபோது கல்லறையில் மண் போட்டு முடித்திருந்தார்கள்.

அந்த மகன் எங்களைக் குறை கூறவில்லை. அதுவே எங்களுக்கு அதிக வருத்தம் தந்தது. தவறு இணைப்பு தந்த நிறுவனத்துடையது மட்டும் அல்ல. கேட்க வேண்டிய கேள்விகளை முன்னரே கேட்காத எங்களுடையதும்தான். நேரலையில் தவறிய நிமிடம் திரும்ப வராது. இந்த ஒரு உண்மையை மனதில் வைத்துத்தான் இணைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் தேவையைக் கணக்கிடுவோம்

கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் செலவைக் கணக்குப் பார்ப்பார் என்று ஆண்டவர் கூறிய உவமை இங்கும் பொருந்தும்.

விளம்பரங்களில் ‘100 மெகாபிட்’, ‘200 மெகாபிட்’ என்று பெரிதாகப் போடுவது பெரும்பாலும் நம்மிடம் வந்து சேரும் டவுன்லோடு வேகம். நேரலைக்கு வேண்டியதோ நம்மிடமிருந்து வெளியே செல்லும் அப்லோடு வேகம். பல இணைப்புகளில் இரண்டும் சமமாக இருப்பதில்லை. எனவே எந்த நிறுவனத்தாரிடமும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘அப்லோடு எவ்வளவு?’ என்பதே.

720 தரத்தில் ஒளிபரப்ப நொடிக்கு சுமார் 2.5 முதல் 4 மெகாபிட் தேவை. 1080 தரத்தில் ஒளிபரப்ப சுமார் 4.5 முதல் 6 மெகாபிட் தேவை. அனுப்பும் அளவைப்போல் இரு மடங்கு அப்லோடு வேகம் எப்போதும் கையில் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. அதாவது 1080 தரத்திற்கு 9 முதல் 12 மெகாபிட் வரை நிலையாகக் கிடைக்க வேண்டும். ‘நிலையாக’ என்பதுதான் முக்கியம். ஒரு நொடி 40ம் மறு நொடி 1ம் காட்டும் இணைப்பைவிட, எப்போதும் 8 காட்டும் இணைப்பே நமக்கு நல்லது. பீடத்தில் அசைவு குறைவு. ஆகவே திருப்பலிக்கு 720 தரமே பெரும்பாலும் போதுமானது. படம் சற்று மங்கினாலும் நேயர் பொறுத்துக்கொள்வார். ஒலி விட்டுவிட்டு வந்தால் அவரால் செபிக்க முடியாது.

அடுத்து டேட்டா அளவு. 4 மெகாபிட் வேகத்தில் 1 மணி நேரம் ஒளிபரப்பினால் சுமார் 1.8 ஜிபி செலவாகும். நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் சாதாரண சிம் திட்டத்தில் இது 66 நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதன்பின் வேகம் மிகவும் குறைந்துவிடும். திருவிழாத் திருப்பலியில் 66வது நிமிடம் என்பது ஏறக்குறைய எழுந்தேற்ற நேரம்! பல பங்குகளில் நேரலை ‘சரியாக அந்த நேரத்தில்’ நின்றுபோனதற்கு இதுவே காரணமாக இருந்திருக்கலாம். 10 நாள் திருவிழாவில் நாளொன்றுக்கு 2 மணி நேரம் என்றால் மொத்தம் 36 ஜிபி. வீட்டு ஃபைபர் திட்டங்களுக்கு இது பெரிய அளவு அல்ல. தினசரி வரம்புள்ள சிம் திட்டத்திற்கு இது தாங்காது.

எந்த வகை இணைப்பு?

ஃபைபர் இணைப்பு: பெரும்பாலான பங்குகளுக்கு இதுவே ஏற்றது. செலவு குறைவு, வேகம் நிலையானது. ஆனால் இது பலரோடு பகிர்ந்துகொள்ளும் இணைப்பு. ஊரில் உள்ள ஒரே ஃபைபர் இழையைப் பிரிப்பான் மூலம் 32 அல்லது 64 வீடுகள்வரை பகிர்வதுண்டு. மாலை 7 முதல் 10 மணிவரை வீடுகளில் பயன்பாடு அதிகம். நம் நவநாளும் தேர்ப்பவனியும் அதே நேரத்தில்தான் நடக்கின்றன என்பதை நினைவில் கொள்வோம்.

லீஸ்டு லைன்: நமக்கென்றே ஒதுக்கப்பட்ட இணைப்பு. அப்லோடும் டவுன்லோடும் சமம். பழுதானால் எவ்வளவு நேரத்தில் சரிசெய்வார்கள் என்பதை எழுத்தில் தருவார்கள். கட்டணம் பல மடங்கு அதிகம். ஆண்டு முழுவதும் நேரலை செய்யும் திருத்தலங்களுக்கும் பேராலயங்களுக்கும் இது தகும். சில நிறுவனங்கள் ஆயர் திருநிலைப்பாடு, மறைமாவட்ட மாநாடு போன்ற நிகழ்ச்சிகளுக்குச் சில நாள்களுக்கு மட்டும் தற்காலிகமாகவும் தருகின்றன. இதற்கு இடத்தைப் பார்வையிட்டுக் கேபிள் இழுக்க வேண்டியிருப்பதால் குறைந்தது ஒரு மாதம் முன்பே பேச வேண்டும்.

வயர்லெஸ் இணைப்பு: ஃபைபர் எட்டாத கிராமங்களில் உள்ளூர் நிறுவனத்தார் கோபுரத்திலிருந்து நம் கூரையில் உள்ள ஆன்டெனாவுக்கு அனுப்புவது. இரண்டுக்கும் இடையே மரமோ கட்டடமோ மறைக்கக் கூடாது. பலத்த காற்றில் ஆன்டெனா சற்றுத் திரும்பினாலும் இணைப்புத் தடுமாறும்.

சிம் இணைப்பு: 4ஜி, 5ஜி இரண்டும் எளிதில் கிடைப்பவை, சிற்றாலயங்களுக்கும் கல்லறைத் தோட்டத்திற்கும் வேறு வழி இல்லாமலும் இருக்கலாம். வீட்டுக்கூரையில் பெட்டி வைத்துத் தரும் 5ஜி ‘ஏர்ஃபைபர்’ சேவைகளும் கைப்பேசிக் கோபுரத்தையே நம்பியவை. இவற்றைத் துணை இணைப்பாக வைத்துக்கொள்ளலாம். கூட்டம் கூடும் நாளில் முதன்மை இணைப்பாக நம்பக் கூடாது. காரணத்தைக் கீழே காண்போம்.

திருவிழா நாளில் வரும் சோதனைகள்

சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் நன்றாக ஓடும் இணைப்பு, திருவிழா நாளில் ஏன் கைவிடுகிறது? இதற்குக் குறிப்பான சில காரணங்கள் உண்டு.

முதலாவது, கூட்டம். ஒரு கைப்பேசிக் கோபுரத்தின் கொள்ளளவை அங்கே உள்ள அனைவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். கொடியேறும் வேளையில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அப்லோடு பாதை அடைபட்டுவிடுகிறது. சிக்னல் கோடுகள் முழுமையாக நிற்கும், ஆனால் படம் நகராது. கப்பர்நாகும் வீட்டு வாசல் போலத்தான். பெரிய திருவிழாக்களுக்கு நிறுவனங்கள் நடமாடும் கோபுர வண்டிகளை நிறுத்துவதுண்டு. சிறிய பங்குகள் அதை எதிர்பார்க்க முடியாது.

இரண்டாவது, மின்சாரம். தேர் வரும் வீதிகளில் மின்கம்பி உரசி விபத்து நேராதபடி மின்வாரியத்தார் மின்சாரத்தை நிறுத்துகின்றனர். அது தேவையான பாதுகாப்பு. ஆனால் அப்போது பங்கு இல்லத்தில் உள்ள மோடமும் நின்றுவிடும். ஜெனரேட்டருக்கு மாற்றும் சில நொடி இடைவெளியே போதும். மோடம் மீண்டும் எழுந்து இணைய ஓரிரு நிமிடங்கள் ஆகும். பாஸ்கா திருவிழிப்பில் விளக்குகளை அணைக்கும்போது யாரோ ஒருவர் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டதால் நேரலை நின்ற கதையும் நாம் அறிந்ததே. மோடத்திற்கும் ரூட்டருக்கும் தனியாக ஒரு சிறிய யுபிஎஸ் வைத்தால் இது தீரும். நம் மோடம் எரிந்தாலும், தெருமுனைக் கடையிலோ கம்பத்திலோ உள்ளூர் ஆபரேட்டர் வைத்திருக்கும் சுவிட்ச் பெட்டிக்கு பேட்டரி இல்லையென்றால் இணைப்பு போய்விடும். இதை அவரிடம் நேரில் கேட்க வேண்டும்.

மூன்றாவது, கேபிள். நம் ஊர்களில் ஃபைபர் பெரும்பாலும் கம்பத்திலிருந்து கம்பத்திற்குத் தொங்கியே வருகிறது. உயரமான தேர் வரும்போது தெருவின் குறுக்கே செல்லும் கேபிள்களைத் தூக்கிப் பிடிப்பார்கள், சில வேளை வெட்டியும் விடுவார்கள். பந்தல் கால் நடக் குழி தோண்டும்போது மண்ணுக்குள் செல்லும் கேபிள் அறுபடுவதும் உண்டு. தேர்ப் பாதையையும் பந்தல் வரைபடத்தையும் இணைப்பு தருபவரிடம் ஒரு வாரத்திற்கு முன்பே காட்டிவிடுவது நல்லது.

இரண்டாவது வழி வேண்டும்

வாசல் அடைபட்டபோது அந்த நால்வருக்குக் கூரை இருந்தது. நமக்கும் இரண்டாவது வழி ஒன்று வேண்டும். ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. இரண்டு நிறுவனங்களிடம் இரண்டு இணைப்பு வாங்கினால் மட்டும் போதாது. இரண்டும் ஒரே கம்பத்தில், ஒரே பாதையில் வந்தால் ஒரே வெட்டில் இரண்டும் போய்விடும். சில உள்ளூர் ஆபரேட்டர்கள் வெவ்வேறு நிறுவனங்களின் பெயரில் தந்தாலும் பின்னால் ஒரே கேபிளைப் பயன்படுத்துவது உண்டு. ‘உங்கள் கேபிள் எந்தத் தெரு வழியாக வருகிறது?’ என்று கேட்டு, நடந்து சென்று பார்ப்பதே சரியான வழி.

சிறிய பங்குக்குப் போதுமான ஏற்பாடு இது: முதன்மையாக ஒரு ஃபைபர். துணையாக வேறொரு நிறுவனத்தின் சிம் போட்ட ரூட்டர். ஒன்று நின்றால் மற்றதற்குத் தானாக மாறும் இரட்டை இணைப்பு ரூட்டர்கள் உண்டு. மாறும்போது சில நொடிகள் தடங்கல் வரலாம். இரண்டு மூன்று இணைப்புகளை ஒன்றாகச் சேர்த்து அனுப்பும் பாண்டிங் கருவிகளில் அந்தத் தடங்கலும் பெரும்பாலும் தெரியாது; விலை அதிகம் என்பதால் ஆயர் திருநிலைப்பாடு போன்ற பெரிய நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு எடுக்கலாம். தேர்ப்பவனியில் கேமராவோடு நடந்து செல்லும்போது சிம் தவிர வேறு வழி இல்லை. அங்கே வெவ்வேறு நிறுவனங்களின் சிம்களைப் பாண்டிங் செய்வதே ஓரளவு பாதுகாப்பு.

கேட்க வேண்டிய கேள்விகள்

இணைப்பு தருபவரிடம் பேச அமரும்போது கீழ்க்கண்டவற்றைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லலாம்.

1. அப்லோடு வேகம் எவ்வளவு? மாலை நேரத்திலும் அது கிடைக்குமா?
2. மாத டேட்டா வரம்பு உண்டா? தாண்டினால் வேகம் எவ்வளவாகக் குறையும்?
3. கேபிள் எந்தப் பாதையில் வருகிறது? தேர் வீதியைக் கடக்கிறதா?
4. மின்தடையின்போது உங்கள் பக்கத்துக் கருவிகள் எத்தனை மணி நேரம் தாங்கும்?
5. திருவிழா நாள்களில் பராமரிப்பு வேலைக்காக இணைப்பை நிறுத்தாமல் இருப்பீர்களா?
6. இரவு 9 மணிக்குப் பழுதானால் யாரை அழைக்க வேண்டும்? அவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்?
7. திருவிழா அன்று ஃபைபர் ஒட்டும் கருவியோடு ஒருவரை ஊரிலேயே இருக்கச் செய்ய முடியுமா?
8. ஏற்கெனவே எந்த ஆலயத்திற்கு, பள்ளிக்கு, மண்டபத்திற்கு இணைப்புத் தந்திருக்கிறீர்கள்? அவர்களிடம் விசாரிக்கலாமா?

‘99.5 சதவீதம் தடையில்லா சேவை’ என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். 30 நாள் மாதத்தில் 720 மணி நேரம். அதில் அரை சதவீதம் 3 மணி 36 நிமிடம். அந்த நேரம் நம் திருவிழா மாலையிலேயே வந்தாலும் ஒப்பந்தம் மீறப்பட்டதாகாது. மீறினாலும் கிடைப்பது கட்டணத்தில் சிறு கழிவுதான். எனவே சதவீதத்தைவிட 6வது, 7வது கேள்விகளுக்குக் கிடைக்கும் பதிலே முக்கியம். அழைத்தவுடன் வரும் உள்ளூர் ஆபரேட்டர், அழைத்தால் எண்களை அழுத்தச் சொல்லும் பெரிய நிறுவனத்தைவிட நமக்குப் பயன்படலாம். அதே ஆபரேட்டரிடம் மாற்று ஏற்பாடு எதுவும் இல்லையென்றால் பெரிய நிறுவனமே மேல். பெயரைப் பார்த்து அல்ல, பதிலைப் பார்த்து முடிவு செய்வோம். பங்கு மக்களில் ஒருவர் தொழில் செய்கிறார் என்பதற்காக மட்டும் அவரிடம் வாங்குவதும், மிகக் குறைந்த விலை என்பதற்காக மட்டும் வாங்குவதும் சரியல்ல. இது பங்கு மக்களின் காணிக்கைப் பணம்.

ஒத்திகையும் அன்றைய பொறுப்பும்

நல்ல இணைப்பையும் கவனக்குறைவு கெடுத்துவிடும். ஒரு வாரம் முன்பு, அதே இடத்தில், அதே மாலை நேரத்தில், முழுத் திருப்பலி நீளத்திற்குப் பொதுவில் தெரியாதவாறு ஒளிபரப்பிப் பார்க்க வேண்டும். ஒரு நிமிட வேகச் சோதனை போதாது. புதிய யூடியூப் கணக்கில் நேரலை வசதியைத் திறக்க 24 மணி நேரம்வரை ஆகலாம் என்பதால் அதையும் முன்பே செய்துவிட வேண்டும்.

ஒளிபரப்பும் கணினியை வைஃபையில் விடாமல் கேபிளால் இணைப்போம். சாதாரண நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர்வரைதான் செல்லும். பங்கு இல்லத்திலிருந்து திருவிழா மேடை அதைவிடத் தூரம் என்றால் ஃபைபர் இழுக்க வேண்டும். வைஃபை கடவுச்சொல்லைப் பாடகர் குழுவுக்கும் விருந்தினருக்கும் கொடுக்க வேண்டாம். அவர்களது கைப்பேசிகள் தாமாகப் படங்களை மேலேற்றத் தொடங்கினால் நம் அப்லோடு போய்விடும்.

மோடத்தின் அருகே ஒருவரை நியமிப்போம். அதில் ‘லாஸ்’ விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபர் அறுந்திருக்கலாம். நம் கணினியைத் திறந்து மூடிப் பயனில்லை, உடனே ஆபரேட்டரை அழைக்க வேண்டும். இணைப்பு முற்றிலும் நின்றாலும் கேமராவில் பதிவு தொடரட்டும். பிறகு முழுமையாக ஏற்றிவிடலாம். பங்கின் வாட்ஸ்அப் குழுவில், ‘தடங்கல் ஏற்பட்டுள்ளது, பதிவு இரவு வரும்’ என்று ஒரு வரி போட்டால் தொலைவில் காத்திருப்பவரின் தவிப்பு குறையும்.

இன்னொன்றையும் கூற வேண்டும். திருவிழாவுக்கு நாள் குறித்திருக்கிறது. மரணத்திற்கு நாள் குறித்தில்லை. ஆகவே திருவிழாவுக்கென்று பத்து நாள் மட்டும் இணைப்பு வாங்குவதைவிட, சிறிதானாலும் ஆண்டு முழுவதும் ஆலயத்தில் நிற்கும் நம்பகமான ஒரு இணைப்பே பங்குக்கு அதிகம் பயன்படும். அடக்கத் திருப்பலிகளுக்காகவே அதை வைத்திருக்கலாம்.

நிறைவாக

கப்பர்நாகுமில் அந்த நால்வரின் பெயர்கள் எழுதப்படவில்லை. ஆனால் அவர்களது நம்பிக்கையை இயேசு கண்டார். படுக்கையின் ஒரு முனையை ஒருவர் விட்டிருந்தாலும் அந்த நோயாளி கீழே விழுந்திருப்பார். கேபிள் பாதையை நடந்து பார்ப்பவர், யுபிஎஸ் பேட்டரியைச் சோதிப்பவர், மோடத்தின் அருகே அமர்ந்து தேர்ப்பவனியைக் காணாமலேயே இருப்பவர் ஆகியோரும் ஒவ்வொரு முனையைப் பிடித்திருப்பவர்களே. திரையின் மறுபக்கத்தில் ஒரு வயதான தாய் செபமாலையோடு காத்திருக்கிறார். ஒரு மகன் தொழிலாளர் விடுதியில், கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்துக் காத்திருக்கிறான். அவர்களைப் பாதி வழியில் இறக்கிவிடாதிருப்போம்.

வர இருக்கும் திருவிழாவுக்கு முன் உங்கள் பங்குப் பேரவைக் கூட்டத்தில் இக்கேள்விகளை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். புனித கிளாரா நமக்காகப் பரிந்து பேசுவாராக.